தாடை எலும்புல வர்ற சிம்பிள் போன் சிஸ்ட்: ஏன் வருது, எப்படி கண்டுபிடிக்கிறாங்க? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிள்ளைக்கு பல்லுல கிளிப் போடலாம்னு போனா முதல்ல ஒரு ஓபிஜி எக்ஸ்ரே (ரெண்டு தாடையையும் எல்லா பல்லையும் ஒரே படத்துல காட்டுறது) எடுத்துட்டு வாங்கன்னு அனுப்புவாங்க. அந்தப் படத்துல கீழ்த்தாடையில, பல் வேருக்கு அடியில கறுப்பா ஒரு இடம் தெரியும், ரிப்போர்ட்ல "சிஸ்ட்"னு போட்டிருக்கும், வீட்ல எல்லாருக்கும் வயித்தைக் கலக்கிடும். வலி இல்ல, வீக்கம் இல்ல, பிள்ளை நல்லா சாப்பிடுது, ஆனா எலும்புக்குள்ள ஒரு குழி இருக்குன்னு சொல்றாங்க. அந்த நிலைமையில இருக்கிறவங்களுக்காகத்தான் இதை எழுதுறேன். பெத்தவங்க மறுபடி மறுபடி கேக்குற கேள்விகள்தான் இதுல இருக்கு.

சிம்பிள் போன் சிஸ்ட்னா என்னங்க?

எலும்புக்குள்ள உருவாகுற ஒரு காலி இடம். திறந்து பார்த்தா பாதி நேரம் உள்ள ஒண்ணுமே இருக்காது, இல்லன்னா வைக்கோல் நிறத்துல கொஞ்சம் தண்ணி மாதிரி இருக்கும், சில பேருக்கு ரத்தம் கலந்த திரவம் இருக்கும். பல் சம்பந்தமா வர்ற மத்த சிஸ்ட்ல எல்லாம் உள்சுவத்துல எபிதீலியம்னு ஒரு தோல் மாதிரியான படலம் இருக்கும், அந்தப் படலம்தான் சிஸ்ட்டை வளர்க்கும், மிச்சம் வச்சா திரும்பவும் வரும். இதுல அந்தப் படலம் கிடையாது, நேரா எலும்புச் சுவருதான், அதுமேல ரொம்ப மெல்லிசா கொஞ்சம் நார் திசு ஒட்டிட்டு இருக்கலாம், அவ்வளவுதான். அதனால கறாரா பார்த்தா இது சிஸ்ட்டே இல்ல, போலி சிஸ்ட்னுதான் புத்தகத்துல எழுதுவாங்க.

தாடையில வர்ற சிஸ்ட் எல்லாத்தையும் சேர்த்துப் பார்த்தா இது சுமார் 1 சதவீதம்தான். அதனால நிறைய பல் டாக்டருங்க பல வருஷம் பிராக்டிஸ் பண்ணியும் விரல் விட்டு எண்ற அளவுக்குத்தான் பார்த்திருப்பாங்க. நீங்க போன இடத்துல டாக்டர் உடனே பேர் சொல்லாம தயங்கினா அது அவர் திறமைக்குறைவுன்னு நினைக்காதீங்க.

ஒரு ரிப்போர்ட்ல ட்ராமேட்டிக் போன் சிஸ்ட்னு இருக்கு, இன்னொண்ணுல சாலிட்டரி போன் சிஸ்ட்னு இருக்கு, ரெண்டு வியாதியா?

ஒண்ணுதான். ஹெமரேஜிக் போன் சிஸ்ட், யூனிகேமரல் போன் சிஸ்ட், இடியோபதிக் போன் கேவிட்டின்னு இன்னும் பேர் உண்டு. காரணம் உறுதியா தெரியாததால ஒவ்வொருத்தரும் தங்களுக்கு சரின்னு பட்ட காரணத்தை வச்சு பேர் வச்சுட்டாங்க. உலக சுகாதார நிறுவனத்தோட வகைப்பாட்டுல இருக்கிற பேர் சிம்பிள் போன் சிஸ்ட்.

இது கேன்சரா? பின்னாடி கேன்சரா மாறுமா?

இல்ல. இது கட்டியே இல்ல, அதனால பரவுறதுங்கிற பேச்சுக்கே இடமில்ல. பயப்பட வேண்டியது இந்தக் குழியைப் பார்த்து இல்லங்க, இதே மாதிரி எக்ஸ்ரேயில தெரியுற வேற சில விஷயங்களை இதுன்னு நினைச்சு விட்டுடுறதுக்குத்தான். அதை கீழ விவரமா சொல்றேன்.

யாருக்கு அதிகமா வருது?

பெரும்பாலும் 10லேர்ந்து 20 வயசுக்குள்ள இருக்கிற பசங்க. ஆண் பெண் வித்தியாசம் தாடையில பெருசா இல்ல. இடம்னு பார்த்தா கீழ்த்தாடைதான், அதுலயும் முன்கடைவாய்ப் பல், கடைவாய்ப் பல் இருக்கிற பகுதி, அடுத்தது மோவாய்ப் பக்கம் முன்பற்களுக்குக் கீழ. மேல்தாடையில அபூர்வம். 30, 40 வயசு தாண்டின பெண்களுக்கு வர்றது கொஞ்சம் வேற கதை, அதுக்கு தனியா ஒரு கேள்வி இருக்கு.

வலி ஒண்ணும் இல்லையே, அப்போ எப்படி தெரிய வருது?

அப்படித்தான், முக்கால்வாசி பேருக்கு எந்தத் தொந்தரவும் இருக்காது. கிளிப் போட, ஞானப்பல் பார்க்க, இல்ல வேற ஏதோ பல்லுக்கு எக்ஸ்ரே எடுக்கும்போது தற்செயலா கண்ணுல படும். சில பேருக்கு தாடை எலும்பு வெளிப்பக்கம் லேசா உப்பியிருக்கும், அது வலியில்லாம கல்லு மாதிரி இருக்கும். வலி வர்றது கொஞ்சம் பேருக்குத்தான். உதடு மரத்துப்போறது, பல் ஆடுறது, பல் இடம் மாறுறது எல்லாம் இதுல ரொம்ப அபூர்வம், அதனால இப்படி ஏதாவது இருந்தா "சிம்பிள் போன் சிஸ்ட்தான்"னு யார் சொன்னாலும் இன்னொரு தடவை யோசிக்கச் சொல்லணும்.

இது ஏன் வருது?

உறுதியான ஒரு காரணம்னு இன்னும் யாராலயும் நிரூபிக்க முடியல. 1929-ல லூகாஸ், ப்ளம் ரெண்டு பேரும் தாடையில இருக்கிற எல்லா சிஸ்ட்டும் பல்லுலேர்ந்துதான் வருதான்னு கேள்வி எழுப்பி எழுதினதுலேர்ந்து இதைப் பத்தி பேச்சு நடந்துட்டு இருக்கு, நூறு வருஷம் ஆகப்போகுது. இதுவரைக்கும் சொல்லப்பட்ட விளக்கங்கள்ல முக்கியமானதை மட்டும் சொல்றேன்.

முதல் விளக்கம் அடி. தாடையில அடி படுது, எலும்பு உடையல, ஆனா எலும்புக்குள்ள மஜ்ஜை இருக்கிற இடத்துல ரத்தம் கசியுது. வழக்கமா அந்த உறைஞ்ச ரத்தத்துக்குள்ள புது ரத்தக்குழாய் வளர்ந்து, நார் திசு வந்து, மெதுவா எலும்பா மாறிடும். ஏதோ காரணத்தால இங்க அது நடக்கல, உறைஞ்ச ரத்தம் கரைஞ்சு போயிடுது, அந்த இடம் அப்படியே காலியா நின்னுடுது, பக்கத்துல இருக்கிற எலும்பும் கொஞ்சம் கொஞ்சமா கரையுது. இதுதான் ரொம்ப காலமா அதிகம் பேர் சொல்ற விளக்கம், ட்ராமேட்டிக் போன் சிஸ்ட்ங்கிற பேரும் இதுலேர்ந்து வந்ததுதான்.

ரெண்டாவது, ரத்தம் வெளியேற வழி அடைபடுறது. வேகமா வளர்ற எலும்புல சிரை ரத்தம் சரியா வடியாம தேங்குது, உள்ள அழுத்தம் ஏறுது, அந்த அழுத்தத்துல எலும்பு கரையுது. வளர்ற வயசுலதான் இது அதிகம் வருதுங்கிறதுக்கு இந்த விளக்கம் ஓரளவு பொருந்துது. உள்ள இருக்கிற திரவம் எங்கேர்ந்து வந்துச்சுங்கிறதுக்கும் இதுல ஒரு பதில் இருக்கு.

மூணாவது, எலும்பு வளர்ச்சியிலயே அந்த இடத்துல ஒரு கோளாறு, அதாவது எலும்பா மாற வேண்டிய திசு அங்க மட்டும் சரியா மாறல. இதோட, முன்ன இருந்த ஏதோ ஒரு சின்ன கட்டி சிதைஞ்சு போய் இந்தக் குழி மிஞ்சியிருக்கும்னும், மஜ்ஜைக்கு ரத்தம் போகாம செத்துப் போனதுன்னும் சொன்னவங்க உண்டு.

2020-ல ஒரு புது விஷயம் வந்துச்சு. கை, கால் நீள எலும்புல வர்ற சிம்பிள் போன் சிஸ்ட்ல நிறைய சாம்பிள்கள்ல என்எஃப்ஏடிசி2ங்கிற ஜீன் வேற ஒரு ஜீனோட ஒட்டிக்கிட்டு இருக்கிறதைக் கண்டுபிடிச்சாங்க. அப்போ அங்க இருக்கிறது வெறும் குழி இல்ல, ஒரு வகை வளர்ச்சின்னு யோசிக்க இடம் இருக்கு. ஆனா நீள எலும்புல வர்றதும் தாடையில வர்றதும் பல விதத்துல வேற, அங்க ஆண் பசங்களுக்கு அதிகம், எலும்பு உடைஞ்சு போய்தான் நிறைய பேருக்கு தெரியவே வரும். அதனால அந்த முடிவை தாடைக்கு அப்படியே தூக்கிட்டு வந்து வைக்கக் கூடாது.

சின்ன வயசுல கட்டில்லேர்ந்து விழுந்தான், அதனாலதானா? நாங்க கவனிக்காம விட்டதாலயா?

இந்தக் கேள்வியை கேக்காத அம்மாவே இல்ல. அதனால இதுக்கு நேரா பதில் சொல்லணும்.

அடி விளக்கம் புத்தகத்துல இருக்கு, உண்மைதான், ஆனா அதுல ஓட்டைகளும் நிறைய. முகத்துல, மோவாய்ல அடி படாம வளர்ந்த பிள்ளை யாராவது இருக்காங்களா? டாக்டர் "எப்பவாவது அடி பட்டுச்சா"ன்னு கேட்டா எல்லாரும் யோசிச்சு ஏதோ ஒரு சம்பவத்தை எடுத்துச் சொல்லிடுவாங்க, அது சிஸ்ட் இல்லாத பிள்ளைக்கும் அப்படித்தான். அப்புறம், அடிதான் காரணம்னா விளையாட்டு, சண்டை, வண்டின்னு அதிகமா அடி படுற ஆண் பசங்களுக்கு இது ரொம்ப கூடுதலா வரணும், தாடையில அப்படி ஒரு பெரிய வித்தியாசம் தெரியல. குத்துச்சண்டை மாதிரி தாடையிலயே அடி வாங்குறவங்களுக்கு வரிசையா வந்திருக்கணும், அதுவும் இல்ல. எப்பவுமே அடி பட்டதில்லன்னு உறுதியா சொல்றவங்களுக்கும் வந்திருக்கு. அதனால விழுந்ததை நினைச்சு உங்களையே நீங்க குத்தம் சொல்லிக்காதீங்க, அதுக்கு ஆதாரம் கிடையாது.

கால்சியம் குறைவா? பால் நிறைய குடிச்சா சரியாகுமா? பல் சரியா விளக்காததாலயா?

மூணுக்கும் இல்லன்னுதான் பதில். இவங்களுக்கு ரத்தத்துல கால்சியம் அளவு எடுத்தா சாதாரணமாத்தான் இருக்கும், கால்சியம் மாத்திரை போட்டா இந்தக் குழி மூடாது. சொத்தைப் பல்லுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல, பல் எல்லாம் முத்து முத்தா சுத்தமா இருக்கிற பிள்ளைக்கும் வருது. பரம்பரையா வர்ற விஷயமாவும் இதைச் சொல்றதில்ல.

எக்ஸ்ரேயில என்ன பார்த்து சந்தேகப்படுறாங்க?

கீழ்த்தாடையில ஓரம் ஓரளவு தெளிவா, உள்ள கறுப்பா ஒரு இடம். அதோட மேல் ஓரம் பல் வேர்களுக்கு நடுவுல விரல் விட்ட மாதிரி வளைஞ்சு வளைஞ்சு ஏறிப் போகும், இதை ஸ்காலப்பிங்னு சொல்வாங்க, இதுதான் பார்த்ததும் டாக்டருக்கு மண்டையில மணி அடிக்கிற அடையாளம். ரெண்டாவது, அந்தக் குழிக்குள்ள பல் வேர் நிக்கும் ஆனா வேர் கரைஞ்சிருக்காது, பல்லும் தள்ளிப் போயிருக்காது, வேரைச் சுத்தி இருக்கிற லாமினா டியூரா எனும் மெல்லிய வெள்ளைக் கோடு பெரும்பாலும் அழியாம அப்படியே தெரியும். மூணாவது, குழி எவ்வளவு நீளமா இருந்தாலும் எலும்பு வெளிப்பக்கம் உப்புறது கொஞ்சமாத்தான் இருக்கும்.

இந்த மூணும் ஒண்ணா இருந்தா, கூடவே வயசும் 15 வாக்குல இருந்தா, சந்தேகம் ரொம்ப பலமாகுது. இருந்தாலும் அது சந்தேகம்தான். எக்ஸ்ரே மட்டும் வச்சு முடிவு சொல்லக் கூடாத வியாதிகள்ல இது ஒண்ணு, ஏன்னா ஸ்காலப்பிங் கெரட்டோசிஸ்ட்ங்கிற, படலம் உள்ள வேற ஒரு சிஸ்ட்லயும் வரும்.

பல்லுல ஐஸ் வச்சுப் பார்த்தாங்க, கரண்ட் மாதிரி ஏதோ வச்சாங்க, அது எதுக்கு?

நல்ல டாக்டர்கிட்ட போயிருக்கீங்க. என்னைக் கேட்டா மொத்த டயக்னோசிஸ்லயும் ரொம்ப மலிவான, ரொம்ப முக்கியமான டெஸ்ட் இதுதான், பெரிய ஸ்கேனுக்கு எழுதிக் குடுக்கிற அவசரத்துல இதை விட்டுடுற இடங்களும் இருக்கு, அதுதான் எனக்கு ஆதங்கம்.

விஷயம் என்னன்னா, பல் வேருக்கு அடியில கறுப்பா தெரிஞ்சா அதுக்கு ரொம்ப சாதாரணமான காரணம் செத்துப்போன பல். சொத்தை ஆழமா போயோ, அடி பட்டோ பல்லுக்குள்ள இருக்கிற நரம்பும் ரத்தக்குழாயும் செத்துடும், அந்தக் கிருமி வேர் நுனி வழியா எலும்புக்கு வந்து அங்க சிஸ்ட் உருவாகும். அதுக்கு ரூட் கெனால் பண்ணணும், இல்ல பல்லை எடுக்கணும். சிம்பிள் போன் சிஸ்ட்ல அப்படி இல்ல, குழிக்குள்ள வேர் நீட்டிட்டு இருந்தாலும் பல் உயிரோட இருக்கும். குளிர்ச்சியான பஞ்சை வச்சா கூசும், எலக்ட்ரிக் பல்ப் டெஸ்டர் (பல்லுக்குள்ள இருக்கிற நரம்புச் சதையைத்தான் பல்ப்னு சொல்றாங்க, அதை லேசான கரண்ட் வச்சு சோதிக்கிற கருவி) வச்சா சுருக்குனு தெரியும். ஒரு பல்லுல மட்டும் பார்த்தா போதாது, குழி தொடுற எல்லா பல்லுலயும், பக்கத்துப் பல்லுலயும், எதிர்ப்பக்கம் இருக்கிற அதே பல்லுலயும் வச்சு ஒப்பிட்டுப் பார்க்கணும்.

இதுல ஒரு சிக்கல் இருக்கு, அதையும் தெரிஞ்சு வச்சுக்கோங்க. சின்னப் பிள்ளைங்களுக்கு வேர் நுனி இன்னும் முழுசா மூடாத பல்லுல எலக்ட்ரிக் டெஸ்ட் சரியா வேலை செய்யாது, உயிரோட இருக்கிற பல்லே பதில் சொல்லாம இருக்கலாம். சமீபத்துல அடி பட்ட பல்லும் சில வாரம், சில மாசம் கூட உணர்ச்சி காட்டாம இருந்துட்டு அப்புறம் திரும்பும். அதனால ஒரு தடவை பதில் வரலன்னா உடனே பல் செத்துடுச்சுன்னு முடிவு கட்டாம குளிர் டெஸ்ட், எலக்ட்ரிக் டெஸ்ட் ரெண்டும் சேர்த்து, தேவைப்பட்டா கொஞ்ச நாள் கழிச்சு மறுபடியும் பார்க்கணும்.

வேருக்கு அடியில கறுப்பா இருக்கு, மூணு பல்லுக்கு ரூட் கெனால் பண்ணிடலாம்னு சொல்றாங்க. பண்ணலாமா?

முதல்ல கேளுங்க, "டாக்டர், இந்த பல்லுங்க உயிரோட இருக்கான்னு டெஸ்ட் பண்ணீங்களா"ன்னு. தப்பா எடுத்துக்க மாட்டாங்க, எடுத்துக்கிட்டாலும் பரவாயில்ல. சொத்தை இல்லாத, அடி படாத, கூச்சம் நல்லா இருக்கிற பல்லுக்கு எக்ஸ்ரேயில இருக்கிற ஒரு கறுப்பை மட்டும் பார்த்து ரூட் கெனால் பண்ணினா அந்தக் குழி ஆறாது, ஏன்னா குழி பல்லுலேர்ந்து வரல. நல்ல பல்லு மூணு உயிர் போனதுதான் மிச்சம், 14 வயசுப் பிள்ளைக்கு அந்தப் பல்லை வச்சு இன்னும் 60 வருஷம் ஓட்டணும். சிம்பிள் போன் சிஸ்ட்ல நடக்கிற தப்புகள்ல இதுதான் அதிகம் தடுக்கக்கூடிய தப்பு.

சிடி, எம்ஆர்ஐ எல்லாம் அவசியமா?

எல்லாருக்கும் எல்லாமும் வேண்டாம். ஓபிஜி முதல் படம், அதோட அந்தப் பல்லுங்களுக்கு மட்டும் சின்ன எக்ஸ்ரே எடுத்தா லாமினா டியூரா தெளிவா தெரியும். ஆபரேஷன் பண்ணப் போறாங்கன்னா சிபிசிடி, அதாவது தாடையை முப்பரிமாணமா காட்டுற ஸ்கேன், எடுக்கிறது உபயோகமா இருக்கும், எலும்புச் சுவர் எங்க மெல்லிசா இருக்கு, கீழ்த்தாடை நரம்பு போற குழாய் குழிக்கு எவ்வளவு பக்கம்னு மூணு திசையிலயும் பார்க்கலாம். எம்ஆர்ஐ, உள்ள இருக்கிறது திரவமா சதையான்னு சந்தேகம் வந்தா மட்டும்.

ரத்தப் பரிசோதனையில இந்த சிஸ்ட்டைக் கண்டுபிடிக்க முடியாது. ஆனா கழுத்துல இருக்கிற, கால்சியம் அளவைக் கட்டுப்படுத்துற பாராதைராய்டு சுரப்பி அதிகமா வேலை செஞ்சாலும் தாடையில கறுப்பா குழி மாதிரி வரும், அந்த சந்தேகம் இருந்தா கால்சியம், பாஸ்பேட், பாராதைராய்டு ஹார்மோன் அளவு பார்ப்பாங்க.

ஊசி போட்டு உறிஞ்சிப் பார்க்கணும்னு சொன்னாங்க, பயமா இருக்கு.

அது உங்க பாதுகாப்புக்குத்தான், வேண்டாம்னு சொல்லாதீங்க. எலும்பைத் திறக்கிறதுக்கு முன்னாடி கொஞ்சம் தடிமனான ஊசியை உள்ள விட்டு என்ன வருதுன்னு பார்ப்பாங்க. இந்த சிஸ்ட்டா இருந்தா ஒண்ணும் வராம காத்து மட்டும் வரும், இல்ல வைக்கோல் நிறத் தண்ணி, இல்ல கொஞ்சம் ரத்தத் தண்ணி. கெட்டியா தயிர்த்திப்பி மாதிரி வெள்ளையா வந்தா கெரட்டோசிஸ்ட்டா இருக்கலாம். பளிச்சுனு சிவப்பா ரத்தம் தானா பொங்கி சிரிஞ்சை நிரப்பினா உள்ள ரத்தக்குழாய்க் கோளாறு இருக்கலாம், அதைத் தெரியாம திறந்தா ரத்தப்போக்கு உயிருக்கே ஆபத்தாகிடும், அதனால அந்த இடத்துலயே நிறுத்திட்டு வேற ஏற்பாடு பண்ணுவாங்க.

இதே மாதிரி தெரியுற வேற வியாதிகள் என்னென்ன?

கெரட்டோசிஸ்ட்: எலும்பு நீளத்துக்கு ஓடும், அதிகம் உப்பாது, பல்லும் உயிரோட இருக்கும், அதனால இதுதான் அதிகம் குழப்பும். இதுக்கு படலம் உண்டு, திரும்பி வர்ற குணம் ஜாஸ்தி, வைத்தியமும் வேற. அமெலோபிளாஸ்டோமா: இது உண்மையான கட்டி, எலும்பை உப்ப வைக்கும், வேரைக் கரைக்கும், சின்ன வயசுல வர்ற ஒற்றை அறை வகை ஆரம்பத்துல சாதுவா ஒரு சிஸ்ட் மாதிரியே தெரியும். ஜெயண்ட் செல் கிரானுலோமா, அனியூரிஸ்மல் போன் சிஸ்ட் ரெண்டும் இதே வயசுப் பசங்களுக்கு வரும், பொதுவா வீக்கம் அதிகமா இருக்கும்.

அப்புறம் ஒண்ணு, ஸ்டாஃப்னே குழின்னு சொல்வாங்க, எட்வர்ட் ஸ்டாஃப்னே 1942-ல விவரிச்சது. நடுத்தர வயசு ஆண்களுக்கு அதிகம், தாடைக் கோணத்துக்குக் கிட்ட, நரம்புக் குழாய்க்குக் கீழ இருக்கும், பெரும்பாலும் எச்சில் சுரப்பி அழுத்துற இடம்தான் அது. அதுக்கு ஆபரேஷனே வேண்டாம். உங்க படத்துல இருக்கிற கறுப்பு நரம்புக் குழாய்க்கு மேலயா கீழயான்னு கேட்டாலே பாதி குழப்பம் தீரும்.

அப்போ உறுதியா எப்பதான் சொல்ல முடியும்?

திறந்து பார்க்கும்போது. இந்த வியாதியில டயக்னோசிஸும் ட்ரீட்மெண்டும் ஒரே ஆபரேஷன்ல நடக்கும். 1946-ல ரஷ்டன் சில நிபந்தனைகளை எழுதி வச்சார், இன்னைக்கும் அதைத்தான் அடிப்படையா வச்சுக்கிறாங்க: குழி ஒண்ணுதான் இருக்கணும், எபிதீலியம் படலம் இருக்கக் கூடாது, சீழ், தொத்து அடையாளம் இருக்கக் கூடாது, உள்ள சதை இல்லாம திரவம்தான் முக்கியமா இருக்கணும், சுவர் எலும்பாவே இருக்கணும், சில இடத்துல மெல்லிசா இருந்தாலும் சரி. இதுல ஒரு குழிதான் இருக்கணும்ங்கிறதும் திரவம் இருக்கணும்ங்கிறதும் இப்போ அவ்வளவு கறாரா பார்க்கிறதில்ல, ஏன்னா பல இடத்துல வர்றவங்களும் உண்டு, முழுக்க காலியா இருக்கிறதும் உண்டு.

பயாப்ஸி ரிப்போர்ட்ல "போதுமான திசு இல்லை"ன்னு வந்திருக்கு, திரும்ப ஆபரேஷன் பண்ணணுமா?

பெரும்பாலும் வேண்டாம். காலி குழியிலேர்ந்து சுரண்டி எடுத்தா என்ன கிடைக்கும், கொஞ்சம் எலும்புத் துணுக்கு, கொஞ்சம் நார் திசு, ரத்த அணுக்கள், சில நேரம் ஒண்ணு ரெண்டு ஜெயண்ட் செல் (பெரிய சைஸ் செல்). எபிதீலியம் இல்லன்னு எழுதியிருந்தா அது நமக்கு சாதகமான சேதி. பேத்தாலஜிஸ்ட்டுக்கு ஸ்லைடு மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும், திறந்தப்போ உள்ள காலியா இருந்துச்சுன்னு சர்ஜன் ஃபார்ம்ல எழுதி அனுப்பலன்னா அவரால முடிவு சொல்ல முடியாது. எக்ஸ்ரே, ஆபரேஷன்ல கண்ணால பார்த்தது, ஸ்லைடு, இது மூணும் ஒரே டாக்டர் மேஜையில ஒண்ணு சேரணும், அப்பதான் பேர் வைக்க முடியும். எடுத்த துணுக்கு எவ்வளவு சின்னதா இருந்தாலும் லேபுக்கு அனுப்பச் சொல்லுங்க, தூக்கிப் போட விடாதீங்க.

ஆபரேஷன்ல என்ன பண்ணுவாங்க?

வாய்க்குள்ளயே ஈறை விலக்கி எலும்புல சின்னதா ஒரு ஜன்னல் வெட்டுவாங்க, வெளியில தழும்பு வராது. பெரியவங்களுக்கு மரத்துப்போற ஊசி போதும், சின்னப் பிள்ளைன்னா மயக்க மருந்து குடுக்கலாம். உள்ள பார்த்துட்டு, சுவத்தை மென்மையா சுரண்டி ரத்தம் கசிய வைப்பாங்க, அந்த ரத்தம் குழியை நிரப்பி உறைஞ்சு, அதுலேர்ந்து புது எலும்பு வளரும். வேர் நுனி பக்கம் முரட்டுத்தனமா சுரண்டினா நல்ல பல் செத்துடும், அதனால அங்க ஜாக்கிரதையா இருப்பாங்க. எலும்புப் பவுடர், பிஆர்எஃப் (நம்ம ரத்தத்துலேர்ந்தே பிரிச்சு எடுக்கிற ஜெல்லி மாதிரி பொருள்) வைக்கிறவங்களும் உண்டு, ஆனா வழக்கமான ஒரு குழிக்கு உறைஞ்ச ரத்தமே போதும், அதனால செலவு ஏறுதுன்னா ஏன் தேவைன்னு கேக்கலாம். சில நாள், சில வாரம் கீழுதடு மரத்த மாதிரி இருக்கலாம், நரம்பு பக்கத்துலயே இருக்கிறதால.

ஒண்ணும் பண்ணாம விட்டா தானா சரியாகாதா?

தானா மூடினதா பதிவுகள் இருக்கு, வயசானவங்ககிட்ட இதை அவ்வளவா பார்க்க முடியலங்கிறதுக்கும் அது ஒரு காரணமா இருக்கலாம்னு நினைக்கிறாங்க. குழி சின்னது, படம் அச்சு அசலா இதே மாதிரி, எல்லா பல்லும் உயிரோட, வீக்கம் வலி இல்லன்னா சில டாக்டருங்க எக்ஸ்ரே எடுத்து எடுத்து கண்காணிக்கலாம்னு சொல்வாங்க. அது தப்பில்ல, ஆனா கண்காணிக்கிறதுன்னா சொன்ன தேதிக்குப் போறது. ஊர் மாறி, ஸ்கூல் பரீட்சை வந்து, மறந்து விட்டுடுவோம்னு தோணினா திறந்து பார்த்து முடிச்சுக்கிறதுதான் நல்லதுன்னு நான் சொல்வேன், ஏன்னா திறக்காத வரைக்கும் அது கெரட்டோசிஸ்ட் இல்லன்னு யாராலயும் சத்தியம் பண்ண முடியாது.

எங்க அம்மாவுக்கு 45 வயசு, அவங்களுக்கு ரெண்டு பக்கமும் இருக்குன்னு சொல்றாங்களே?

இதுதான் முன்ன சொன்ன வேற கதை. நடுத்தர வயசுப் பெண்களுக்கு ஃப்ளோரிட் சிமெண்டோ ஆசியஸ் டிஸ்ப்ளேசியான்னு ஒரு நிலை வரும், தாடையில பல இடத்துல சாதாரண எலும்புக்குப் பதிலா கெட்டியான வெள்ளைத் திட்டுங்க உருவாகும், பல்லெல்லாம் உயிரோடதான் இருக்கும். அதோட சேர்ந்து சிம்பிள் போன் சிஸ்ட்டும் வரலாம். இவங்களுக்கு குழி ஆறுறது மெதுவு, திரும்பவும் வர்ற வாய்ப்பு அதிகம், அதோட அந்தக் கெட்டி எலும்புக்கு ரத்த ஓட்டம் குறைவா இருக்கிறதால தேவையில்லாம பல் எடுத்தாலோ வெட்டினாலோ தொத்து புகுந்து ஆறாம இழுக்கும். அதனால இவங்களுக்கு அவசரப்பட்டு கை வைக்காம, ஓரல் ரேடியாலஜி படிச்ச டாக்டர் ஒருத்தர் படத்தைப் பார்த்தபிறகு முடிவெடுக்கிறது ரொம்ப முக்கியம்.

ஆறினதுன்னு எப்படி தெரியும்? திரும்ப வருமா?

ஆறு மாசத்துல எக்ஸ்ரேயில புது எலும்பு நிரம்ப ஆரம்பிக்கிறது தெரியும், பெரிய குழின்னா ஒரு வருஷமோ அதுக்கு மேலயோ ஆகும். திரும்ப வர்றதே இல்லன்னுதான் பழைய புத்தகங்கள்ல கிட்டத்தட்ட எழுதியிருக்கும், ஆனா 2007-ல 132 கேஸை சேர்த்து அலசினப்போ ஏறக்குறைய நாலுல ஒருத்தருக்கு திரும்பியிருந்துச்சு, அதுலயும் பல குழி இருந்தவங்களுக்கும் ஃப்ளோரிட் நிலை இருந்தவங்களுக்கும் ரொம்ப அதிகம். அதனால முதல் படத்துல நல்லா இருக்குன்னு நிறுத்திடாதீங்க, சில வருஷத்துக்கு வருஷம் ஒரு தடவையாவது பார்க்கணும். திரும்ப வந்தாலும் அது கெட்டதா மாறிடுச்சுன்னு அர்த்தமில்ல, மறுபடி சுரண்டினா ஆறும்.

தாடை உடைஞ்சுடுமா? விளையாட விடலாமா?

தாடையில இதனால எலும்பு முறியறது அபூர்வம். ஆனா குழி பெருசா, கீழ் ஓரத்து எலும்பு மெல்லிசா இருந்தா கபடி, ஃபுட்பால் மாதிரி முட்டி மோதுற விளையாட்டை எலும்பு நிரம்புற வரைக்கும் தள்ளிப் போடச் சொல்வாங்க. கிளிப் வைத்தியமும் அப்படித்தான், அந்தப் பகுதிப் பல்லை நகர்த்துறதை எலும்பு வந்தப்புறம் வச்சுக்கிறது வழக்கம், மத்த பல்லுங்களுக்கு எப்ப ஆரம்பிக்கலாம்னு ஆர்த்தோடாண்டிஸ்ட்டும் சர்ஜனும் பேசி முடிவு பண்ணுவாங்க.

எந்த டாக்டர்கிட்ட போகணும், என்ன எடுத்துட்டுப் போகணும்?

ஓரல் அண்ட் மேக்ஸிலோஃபேஷியல் சர்ஜன்கிட்ட. அரசு பல் மருத்துவக் கல்லூரிகள்ல ஓரல் சர்ஜரி, ஓரல் ரேடியாலஜி, ஓரல் பேத்தாலஜி மூணு பிரிவும் ஒரே வளாகத்துல இருக்கும், இந்த வியாதிக்கு அது பெரிய வசதி, மேல சொன்ன மூணு விவரமும் அங்க சுலபமா ஒண்ணு சேரும். போகும்போது ஓபிஜியை வாட்ஸ்அப்ல போட்டோ பிடிச்சு வச்சிருக்கேன்னு போகாதீங்க, ஒரிஜினல் ஃபிலிமோ படம் பதிஞ்ச சிடி டிஸ்க்கோ கையில இருக்கணும், மெல்லிய வெள்ளைக் கோடெல்லாம் போட்டோவுல போயிடும். ரெண்டு மூணு வருஷத்துக்கு முன்ன எடுத்த பழைய பல் எக்ஸ்ரே ஏதாவது வீட்ல கிடந்தா அதையும் தேடி எடுத்துட்டுப் போங்க, அப்போ குழி இருந்துச்சா, இருந்தா எவ்வளவு வளர்ந்திருக்குன்னு அதை வச்சுத்தான் டாக்டர் சொல்ல முடியும்.